பழகுன ரத்தம்: காம்பியாவில் ஆறு நாள்

நாள் 1, செரக்குண்டா

வந்து சேர்ந்தாச்சு. சென்னை, மும்பை, இஸ்தான்புல், அங்கேர்ந்து மேற்கு ஆப்பிரிக்கால காம்பியாவோட தலைநகர் பஞ்சூல், நடுவுல எங்க தூங்குனேன் எங்க சாப்பிட்டேன்னு கேட்டா எனக்கே கணக்கு தெரியல. ஏர்போர்ட்ல தம்பி நின்னுட்டிருந்தான், ஆறு வருஷத்துல பத்து கிலோ ஏத்திருக்கான், என்னைப் பாத்து "அக்கா நீ மட்டும் அப்படியே இருக்கே"ன்னு பொய் சொன்னான். இங்க செரக்குண்டால ஒரு சிமெண்ட் கம்பி கடைல கணக்கு பாக்குறான்.

என்னைத் தெரியாதவங்களுக்கு, நான் வட சென்னைல ஒரு சின்ன லேப்ல இருபத்திரெண்டு வருஷமா டெக்னீஷியன். மழை விட்டு ரெண்டு மூணு வாரம் ஆனா போதும், எம்.பி. ஸ்மியரா, அதாவது மலேரியா கிருமி இருக்கான்னு பாக்குற ரத்த ஸ்லைடா, வந்து குவியும். எங்க பாட்டி அதை முறைக்காய்ச்சல்னு சொல்லும், ஒருநாள் விட்டு ஒருநாள் சொல்லி வச்ச மாதிரி நடுக்கிட்டு வரும்ல, அதான். எல்லாரும் லீவு போட்டா சிங்கப்பூர் போறாங்க, நீ என்ன மலேரியா இருக்குற ஊரா தேடிப் போறேன்னு வீட்ல சிரிச்சாங்க. தம்பி இருக்கான்றது பாதி காரணம். மீதி பாதி இயன் மெக்ரெகர்ன்னு ஒரு ஸ்காட்லாந்துக்காரர், 2007ல இறந்துட்டார். அவரைப் பத்தி நாளைக்கு.

கிளம்புறதுக்கு முன்னாடி கிண்டி கிங் இன்ஸ்டிட்யூட்ல மஞ்சள் காய்ச்சலுக்கு ஊசி போட்டுக்கிட்டேன். ஒரே ஊசி, ஆயுசுக்கும் போதும், அந்த மஞ்ச கார்டை பத்திரமா வச்சுக்கிட்டா முடிஞ்சது. மலேரியாவுக்குத்தான் அப்படி ஒண்ணும் கிடையாது, தினம் ஒரு டாக்சிசைக்ளின் மாத்திரை, ஊருக்குத் திரும்பி நாலு வாரம் வரைக்கும். அம்மை ஒருதடவ வந்துட்டா மறுபடி வராது, மஞ்சள் காய்ச்சல் ஒரு ஊசியோட சரி, இந்த மலேரியா மட்டும் ஏன் இப்படின்னு ட்ரெயினிங் காலத்துலேர்ந்து மண்டைல ஓடுற கேள்வி.

எனக்கு விட்ட ரூம்ல கொசுவலை அழகா கட்டி வச்சிருந்தான். அவன் கட்டிலைப் பாத்தா வெறுங்கட்டில். வலை அலமாரி மேல பாக்கெட் கூட பிரிக்காம தூசி படிஞ்சு கிடக்கு. ஏண்டான்னா, "எனக்கெல்லாம் பழகிருச்சுக்கா. ரெண்டு தடவ வந்துச்சு, இனிமே வராது"ன்றான். திட்ட தெம்பில்ல, தூங்கப்போறேன்.

நாள் 2, ஃபஜாரா

காலைல தம்பி கடைக்குப் போயிட்டான், நான் ஒரு ஷேர் டாக்ஸி பிடிச்சு ஃபஜாரா போனேன். கடல் பக்கத்துல இருக்கு எம்.ஆர்.சி. யூனிட், பிரிட்டனோட மருத்துவ ஆராய்ச்சி கவுன்சில் ஆரம்பிச்சது. ரெண்டாம் உலகப்போர் சமயத்துல பிரிட்டிஷ் ராணுவ ஆஸ்பத்திரியா இருந்த இடம், 1947லேர்ந்து ஆராய்ச்சி நிலையம், 2018லேர்ந்து லண்டன் ஸ்கூல் ஆஃப் ஹைஜீன் அண்ட் ட்ராபிக்கல் மெடிசினோட சேர்ந்திருக்கு. உள்ள போகணும்னு எனக்கு ஒண்ணும் வேலை இல்ல, வெளிய நின்னு பாத்தேன். அம்மாக்கள் முதுகுல குழந்தைய துணியால இறுக்கிக் கட்டிட்டு வர்றாங்க, குழந்தை தலை மட்டும் எட்டிப் பாக்குது.

சரி மெக்ரெகர். 1922ல கிளாஸ்கோ பக்கத்துல கேம்பஸ்லாங்ல பிறந்தவர், டாக்டருக்குப் படிச்சு ராணுவத்துல பாலஸ்தீனம் போனப்போ மலேரியா வேலை பழகினார். 1949ல இங்க அனுப்புனாங்க, அதுவும் மலேரியாவுக்காக இல்ல, ஊட்டச்சத்து ஆராய்ச்சிக்கு. கிராமத்து ஜனங்க ஏன் இப்படி மெலிஞ்சிருக்காங்க, சாப்பாட்டுக் குறையா இல்ல ரத்தத்துல வயித்துல இருக்குற ஒட்டுண்ணியான்னு பாக்குறது வேலை. வந்தப்போ வயசு 27. 1954ல இந்த நிலையத்துக்கே டைரக்டர் ஆனார், இருபது வருஷம் அந்த நாற்காலி, நடுவுல கொஞ்சம் விட்டு மறுபடி வந்து ரெண்டு வருஷம். அப்புறம் சர் பட்டம், ராயல் சொசைட்டி எல்லாம். எனக்கு அந்தப் பட்டமெல்லாம் முக்கியமாப் படல. ஒரே கேள்விய ஒரே ஊர் ஜனங்க கிட்ட கேட்டுட்டே முப்பது வருஷம் ஓட்டிருக்கார் பாருங்க, அதுதான். நான் ஒரே பெஞ்ச்ல இருபத்திரெண்டு வருஷம் உக்காந்தவ, அதுல எவ்ளோ சலிப்பு இருக்கும்னு எனக்குத் தெரியும்.

மத்தியானம் பெனாச்சின் சாப்பிட்டேன், மீனு காய்கறி அரிசி எல்லாம் ஒரே சட்டில. நம்ம குஸ்காவுக்கு தூரத்து சொந்தம், காரம் தனியா கேட்டு வாங்கிக்கணும்.

நாள் 3, கெனேபா போற வழி

மெக்ரெகர் வேலை பாத்த ஊர் கெனேபா, காம்பியா ஆத்தோட தெக்கு கரைல மேற்கு கியாங்ன்ற மாவட்டத்துல உள்ளடங்கி இருக்கு. தம்பி மூணு நாள் லீவு போட்டு தெரிஞ்ச டிரைவர் ஒருத்தரை வண்டியோட பேசிட்டான். பிரிக்காமா தாண்டுனதும் கடைகள் குறைஞ்சு போச்சு, ரெண்டு பக்கமும் வேர்க்கடலை பறிச்சு போர் போர்ரா குவிச்சு வச்சிருக்காங்க, நவம்பர்ல அறுவடை. அதுதான் மலேரியா சீசனும். மழை ஜூன்லேர்ந்து அக்டோபர் வரைக்கும், காய்ச்சல் உச்சம் மழையோட வால்ல. அறுவடைக்கு ஆள் வேணும்ற நேரத்துல வீட்ல குழந்தை காய்ச்சல்ல கிடக்கும்.

காலைல ஒரு கூத்து. அவசரத்துல டாக்சிசைக்ளின வெறும் வயித்துல, ஒரு மடக்குத் தண்ணி கூட இல்லாம முழுங்கிட்டு வண்டில சாஞ்சு படுத்துட்டேன். அரைமணி நேரத்துல நெஞ்சுக்குழில நெருப்பு, வண்டிய நிறுத்தி ஒரு பாட்டில் தண்ணி குடிச்சு தபலாப்பா ரொட்டிய மென்னு தள்ளிதான் அடங்குச்சு. பேஷண்டுக்கெல்லாம் "நிறைய தண்ணியோட, சாப்பிட்டுட்டு, படுக்காதீங்க"ன்னு சொல்றவ நானு.

மாத்திரை எதுக்குன்னு டிரைவர் கேட்டார், சொன்னேன். சிரிச்சுட்டு அவர் கதைய சொன்னார். இந்தப் பக்கம்தான் பிறந்து வளர்ந்தது, சின்ன வயசுல எத்தனை தடவ காய்ச்சல் வந்துச்சுன்னு அம்மாவுக்கே எண்ணிக்கை தெரியாதாம், பத்து பன்னெண்டு வயசுக்கு மேல பெருசா ஒண்ணும் வந்ததில்ல. அப்புறம் ஸ்பெயின்ல பல வருஷம் தோட்ட வேலை. திரும்பி வந்த முதல் மழைக்காலமே படுத்துட்டார், அஞ்சு நாள் எந்திரிக்கல. "டூபாப் மாதிரி படுத்தேன்"னு சொல்லி ஸ்டியரிங்க தட்டி தட்டி சிரிக்கிறார். டூபாப்னா வெள்ளைக்காரன், பொதுவா வெளியூர்க்காரன், என்னையும் தம்பியையும் கூட ரோட்டோரத்துல பசங்க அப்படித்தான் கத்திக் கூப்பிட்டாங்க.

பின் சீட்ல தம்பி சத்தமே இல்ல. கேட்டானா தூங்குனானான்னு தெரியல.

நாள் 4, கெனேபா

இன்னிக்கு நீளமா எழுதப்போறேன், பொறுத்துக்கோங்க.

முதல்ல எம்.ஆர்.சி.யோட ஃபீல்டு ஸ்டேஷன் கேட்ல நிறுத்திட்டாங்க. முன்னாடியே எழுதி அனுமதி வாங்கிருக்கணும், வாங்கல, தப்பு முழுக்க எங்க மேல, வாட்ச்மேன் ரொம்ப மரியாதையாவே சொன்னார். அதனால ஊருக்குள்ள போனோம். முதல்ல அல்காலோ, அதாவது ஊர்த்தலைவர், அவரைப் பாத்து வணக்கம் சொல்லிட்டுதான் மத்தது. இங்க மண்டிங்கா பாஷைல வணக்கம்னா ஒரு வார்த்தை இல்ல, பெரிய கேள்வி பதில். "சுமோலு லே?"ம்பாங்க, வீட்டு ஆளுங்க எங்கன்னு. "ஈ பெ ஜே", அங்க இருக்காங்கன்னு சொல்லணும். அவ்ளோதான் பதில், நல்லா இருக்காங்கன்னு கூட இல்ல, இருக்காங்க. இந்த ஊரோட பழைய கதை தெரிஞ்சிருந்ததால அந்தப் பதிலை முதல் தடவ சொல்றப்போ எனக்கு ஒரு மாதிரி ஆயிடுச்சு.

ஏன்னா மெக்ரெகர் 1950ல இங்க யார் யார் இருக்காங்க, யார் பிறந்தாங்க, யார் செத்தாங்கன்னு எழுத ஆரம்பிச்சப்போ, பிறந்த குழந்தைகள்ல பாதிக்குக் கிட்ட அஞ்சு வயசு தாண்டல. அந்த கணக்கு அன்னைலேர்ந்து இன்னிக்கு வரைக்கும் நிக்காம தொடருது.

அவர் பாத்தது இதுதான். பிறந்த குழந்தைக்கு முதல் சில மாசம் மலேரியா அவ்வளவா பிடிக்கல. அப்புறம் ஒண்ணு ரெண்டு வயசுல போட்டு வாட்டுது, மண்ணீரல் வீங்கி வயிறு முன்னாடி தள்ளி, ரத்தம் வெளிறி. பிழைச்ச குழந்தைக்கு ஆறேழு வயசுல காய்ச்சல் குறையுது. பெரியவங்க ரத்தத்துல கிருமி இருக்கும், ஆனா மம்மட்டிய தூக்கிட்டு வயலுக்குப் போவாங்க. எங்க லேப்ல ஸ்மியர் பாசிட்டிவ்னா அது நோயாளி, அதுல ரெண்டு பேச்சே கிடையாது, போன் போட்டு கூப்பிடுவோம். இங்க பாசிட்டிவ் ஸ்லைடுக்குச் சொந்தக்காரர் கடலை பறிச்சுட்டு இருப்பார். பெரியவங்களுக்குக் கம்மி குழந்தைகளுக்கு அதிகம்ன்றத ராபர்ட் கோச் 1900 வாக்குலயே ஜாவா, நியூ கினி பக்கம் பாத்து சொல்லிட்டார்தான், ஆனா ரத்தத்துல என்ன இருக்குன்னு யாருக்கும் தெரியாது.

காம்பியாப் பெரியவங்க ரத்தத்துல காமா குளோபுலின், அதாவது நோய் எதிர்ப்புப் புரதங்கள் இருக்குற பகுதி, ஏகத்துக்கு இருக்குன்னும், வாராவாரம் குளோரோகுயின்ற மலேரியா மருந்து குடுத்து மலேரியா வராம பாத்துக்கிட்டவங்களுக்கு அது குறைஞ்சு போச்சுன்னும் மெக்ரெகரும் ஹெர்பர்ட் கில்ஸும் பாத்தாங்க. அப்போ அந்த காமா குளோபுலின்லதான் விஷயம் இருக்கா? 1961ல மெக்ரெகர், சிட்னி கோஹென்னு ஒரு இம்யூனாலஜிஸ்ட், கேரிங்டன்னு இன்னொருத்தர், மூணு பேரும் சேர்ந்து அதை சோதிச்சாங்க. பெரியவங்க ரத்தத்துலேர்ந்து காமா குளோபுலின தனியா பிரிச்சு, மலேரியாவோட கிடந்த குழந்தைகளுக்கு ஊசியா போட்டாங்க. கொஞ்ச நாள்ல கிருமி எண்ணிக்கை மளமளன்னு விழுந்துச்சு. பிரிட்டன்காரங்க ரத்தத்துலேர்ந்து எடுத்த அதே காமா குளோபுலினைப் போட்டா ஒண்ணும் நடக்கல.

ஸ்லைடு பாக்குறவங்களுக்கு இதுல ஒரு ருசியான விஷயம் இருக்கு. ஊசி போட்டதும் எல்லா கிருமியும் ஒண்ணா சாகல. சிவப்பணுவுக்குள்ள இளம் கிருமி மோதிரம் மாதிரி தெரியும், ஏற்கனவே இருந்த அந்த மோதிரமெல்லாம் பாட்டுக்கு வளர்ந்து முத்திச்சு. வாழைப்பழம் மாதிரி இருக்குமே கேமட்டோசைட், கொசுவுக்குப் போறதுக்குன்னு இருக்குறது, அதுக்கும் ஒண்ணும் ஆகல. ஆனா புது மோதிரம் வரல. அப்படின்னா என்ன, அணு வெடிச்சு குட்டிக் கிருமிங்க வெளிய வந்து அடுத்த அணுக்குள்ள பூர்ற அந்த சின்ன இடைவெளி இருக்கே, அங்கதான் இந்த எதிர்ப்புப் புரதம் மடக்குது. மிஷின் ஒண்ணும் பெருசா இல்ல, தினம் ஸ்மியர் எடுத்து எந்தப் பருவம் எத்தனைன்னு உக்காந்து எண்ணிருக்காங்க. எங்க ட்ரெயினிங் மேடம் இதை போர்டுல வரைஞ்சு காட்டுன அன்னிக்குதான் நான் எண்ற வேலைய கேவலமா நினைக்கிறத விட்டேன்.

நெருடலும் இருக்கு, மறைக்க விரும்பல. குளோரோகுயின் கைல இருந்த காலத்துல, காய்ச்சல்ல கிடக்குற குழந்தைக்கு சோதனையா ஊசி. இன்னிக்கு எந்த எத்திக்ஸ் கமிட்டியும் லேசுல ஒத்துக்காது. ரத்தம் எடுத்துட்டுப் போய் வித்துடறாங்கன்ற பேச்சு இந்த நாட்டுல ரொம்ப நாளா இருக்கு, அதுவும் சும்மா வரல.

ஊர் நடுவுல பெரிய மரத்தடில மரக்கட்டை அடுக்கி மேடை மாதிரி வச்சிருக்காங்க, பந்தாபான்னு பேரு, நம்ம ஊர் திண்ணையும் அரசமரத்தடியும் சேர்ந்தது. அங்க ஒரு பெரியவர், எழுபது தாண்டிருக்கும், அத்தாயா டீ ஊத்திக் குடுத்தார், சின்ன கிளாஸ்ல கசப்பா, அடுத்த சுத்து சக்கரையா. ரத்தம் எடுத்தது ஞாபகம் இருக்கான்னு டிரைவர் மூலமா கேட்டேன். எடது கை மோதிர விரலைத் தூக்கிக் காட்டி நகத்தால குத்துற மாதிரி செஞ்சு முகத்தை சுளிச்சார், பக்கத்துல இருந்தவங்க எல்லாம் சிரிச்சாங்க. நானும் தினம் அந்த விரலைத்தான் குத்துறேன், என் பையை திறந்து ஒரு லான்செட்ட எடுத்துக் காட்டுனதும் அவர் கையை டக்குனு பின்னாடி மறைச்சுக்கிட்டார். அப்புறம் அவரும் சிரிச்சார். ஜர்னல்ல பேர் வந்தவங்க மூணு பேர், விரல் நீட்டுனவங்க பேர் எங்கயும் இல்ல.

அங்க இளம்பொண்ணு ஒண்ணு வயித்தைத் தள்ளிட்டு கிணத்துக்குப் போச்சு, தலைப்பிரசவம்னு சொன்னாங்க. அதைப் பாத்ததும் மெக்ரெகர் கடைசி காலத்துல பண்ண வேலை ஞாபகம் வந்துச்சு. ஆயிரக்கணக்கான பிரசவத்துல நஞ்சுக்கொடிய எடுத்து உள்ள மலேரியா இருக்கான்னு பாத்தாங்க, 1983ல வெளியாச்சு. நல்லா பழகி எதிர்ப்பு வந்த பொம்பளைக்கும் தலைப்பிரசவத்துல கொடிக்குள்ள கிருமி ஏறிடுது, குழந்தை எடை குறைஞ்சு பிறக்குது, அடுத்தடுத்த பிரசவத்துல அது குறைஞ்சுடுது. ஏன்னு பின்னாடி வந்தவங்க கண்டுபிடிச்சாங்க. இந்தக் கிருமி, தான் இருக்குற சிவப்பணு ரத்தக்குழாய்ல ஒட்டிக்கிறதுக்குன்னு அந்த அணு மேல ஒரு புரதச் சட்டை போடும், அந்த மாதிரி சட்டைக்கு அதுகிட்ட அறுபது போல ஜீன் இருக்கு, ஒண்ணை உடம்பு அடையாளம் கண்டா இன்னொண்ணை மாட்டிக்கும். கொடில ஒட்டுறதுக்குன்னே ஒரு தனி சட்டை இருக்கு, கொடியே இல்லாத உடம்பு அதை எங்க பாத்திருக்கும்? முதல் தடவைதான் பாக்குது. என் ட்ரெயினிங் காலத்துக் கேள்விக்கும் பாதி பதில் இதுலதான் இருக்கு, அம்மைக்கு ஒரே முகம், ஒருதடவ பாத்தா போதும், இவன் ஆயுசு பூரா வேஷம் மாத்துறவன்.

நாள் 5, ஃபராஃபென்னி

சோமா வரைக்கும் வந்து புதுப் பாலத்துல ஆத்தைத் தாண்டினோம். 2019 ஜனவரிலதான் திறந்தாங்க, அதுக்கு முன்னாடி ஃபெர்ரிக்கு லாரியெல்லாம் நாள் கணக்குல கிடக்குமாம். வடகரைல ஃபராஃபென்னி, புழுதி, சந்தை, செனகல் வண்டிங்க. ஊரா பாக்க ஒண்ணும் இல்ல.

ஆனா மெக்ரெகருக்கு அப்புறம் 1980ல டைரக்டரா வந்த பிரையன் கிரீன்வுட்டோட ஆளுங்க இந்த சுத்துவட்டார கிராமத்துலதான் பூச்சிமருந்துல முக்குன கொசுவலைய சோதிச்சாங்க. சின்னக் குழந்தைங்க சாவு சுமார் 60 சதவீதம் குறைஞ்சுதுன்னு 1991ல எழுதினாங்க, உலகம் பூரா வலை குடுக்க ஆரம்பிச்சதுக்கு அது ஒரு பெரிய காரணம். அந்த மனுஷனும் எதிர்ப்பு சக்தி ஆராய்ச்சிலேர்ந்து வந்தவர்தான், நைஜீரியால இபாடான்ல இருந்தப்போ இங்க ஏன் முடக்குவாதம் இவ்ளோ அபூர்வம், மலேரியா உடம்பை வேற மாதிரி பழக்கிடுதோன்னு 1968லயே கேட்டவர்.

வலை வந்தப்போ ஒரு பயமும் வந்துச்சு, குழந்தைய கொசுகிட்டேர்ந்து காப்பாத்திட்டா அதுக்கு எதிர்ப்பு எப்படி வரும், இப்ப சாகாம பின்னாடி சாகுமோன்னு. வண்டில நான் இதை சொன்னதும் தம்பி உடனே எந்திரிச்சு உக்காந்து "பாத்தியா, நான் சொன்னேன்ல"ன்னான். இல்லடா, வலை போட்ட ஊர்ல குழந்தைங்களை வருஷக்கணக்கா தொடர்ந்து பாத்துட்டாங்க, சாவு தள்ளிப் போகல, குறைஞ்சுதான் போச்சு. இப்ப மழைக்காலத்துல மாசாமாசம் அஞ்சு வயசுக்கு உட்பட்ட பிள்ளைங்களுக்கு வீடு வீடா மாத்திரை வேற குடுக்குறாங்க. அவன் மறுபடி சாஞ்சுட்டான்.

ஒரு டெக்னீஷியன் சந்தோஷம்: மலேரியா கிருமில எங்க லேப்ல வர்றது பெரும்பாலும் பிவி, அதாவது விவாக்ஸ் வகை, பிஎஃப், அதாவது ஃபால்சிபாரம் வகை, எப்பவாவது. இங்க தலைகீழ், கிட்டத்தட்ட எல்லாமே பிஎஃப். சிவப்பணு மேல டஃபின்னு ஒரு புரதம் இருக்கு, விவாக்ஸ் கதவைத் திறந்து உள்ள போறதுக்கு அதுதான் வழி, மேற்கு ஆப்பிரிக்கால பெரும்பாலானவங்களுக்கு அது பிறவிலயே இல்ல. லூயிஸ் மில்லர்ன்ற ஆராய்ச்சியாளர் 1976ல சொன்னது. நாம கஷ்டப்பட்டு சம்பாதிக்குற எதிர்ப்பு ஒரு வகை, பிறக்குறப்பவே கதவில்லாம பிறக்குறது இன்னொரு வகை.

நாள் 6, மறுபடி செரக்குண்டா

நாளைக்கு ராத்திரி ஃப்ளைட். மார்க்கெட் போய் துணி, முந்திரி வாங்கினேன், பேரம் பேசுறதுல நம்ம ரங்கநாதன் தெரு அம்மாக்கள் தோத்துடுவாங்க. சாயங்காலம் பெட்டி கட்டினேன், மாத்திரை எண்ணினேன், ஊருக்குப் போய் இருபத்தெட்டு நாளைக்கு சரியா இருக்கு.

தம்பி கதவுல சாஞ்சுட்டு கேட்டான். "ஏன்க்கா, ரெண்டு தடவ வந்தா பத்தாதா?" நான் கெனேபா குழந்தைங்க கணக்கை சொன்னேன், வருஷத்துக்கு எத்தனை தடவ, எத்தனை வருஷம், அதுல எத்தனை பேர் மிஞ்சினாங்கன்னு. அப்புறம் டிரைவரையும். அவன் தரையப் பாத்துட்டே "தூங்கல, கேட்டுட்டுதான் இருந்தேன்"னான்.

அலமாரிலேர்ந்து வலைய நானே எடுத்தேன். பாக்கெட்டைப் பிரிச்சதும் மருந்து வாசனை குப்புனு வந்துச்சு, ஒருநாள் நிழல்ல உலர்த்தணும்னு போட்டிருக்கு, கொடில போட்டேன். கட்டுறதுக்கு ஆணி கேட்டா வீட்ல ஒரு ஆணி இல்ல. டன் டன்னா கம்பி விக்கிற கடைல கணக்கு எழுதுறான். "நாளைக்கு கடைலேர்ந்து நாலு ஆணி எடுத்துட்டு வா, நான் ஏர்போர்ட் கிளம்புறதுக்குள்ள"ன்னேன். நாலு போதுமான்னு கேட்டுட்டு, மேல அண்ணாந்து பாத்து மூலைய எண்ணிட்டிருக்கான்.